ஒத்திகை விருந்தாளி

"எங்கம்மா இன்னிக்கு மேடையில நிக்கணும் சார்."

கேட்டேவிட்டாள்.

எதைக் கேட்கவே கூடாது என்று அம்மாவும் அப்பாவும் மாறி மாறித் தலையில் அடித்துக்கொண்டார்களோ, அதைத்தான். அதுவும் எந்த நாளில்? கட்டி முடித்த சரக்குக் கப்பல் தண்ணீரில் இறங்குகிற நாளில். அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டரில் சாயந்திரம் கையெழுத்தாக வேண்டிய நாளில்.

மேனேஜர் குடித்துக்கொண்டிருந்த சோடாவைப் பாதியில் நிறுத்தினார். கப்பல் இறங்குகிற நாளென்றால் விடிந்ததிலிருந்தே பாட்டில் பாட்டிலாக உள்ளே போகும். சோடா இல்லாமல் அன்றைக்கு அவரைப் பார்க்க முடியாது.

"எந்த அம்மா?" என்றார், தெரியாதவர் போல.

"எனக்கு ஒரு அம்மாதான் சார். பெயின்ட் கேங்ல இருக்காங்க. நேத்து ஒத்திகையில கயித்த வெட்டினாங்களே, அவங்க."

அந்த ஒத்திகையைப் போன வாரக் கதையில் பார்த்தோம். அன்றைக்குக் கதை கேட்க வராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கப்பலை வழியனுப்ப வருகிற பெரிய வீட்டு அம்மாள் ஒத்திகைக்கெல்லாம் வரமாட்டார். ஆனால் கயிற்றை வெட்டினால் அதில் கட்டிய சடங்குப் பாட்டில் ஒழுங்காக ஆடிப்போய்க் கப்பலின் மூக்கில் மோதி உடைகிறதா என்று பார்த்தாக வேண்டுமே. அதற்கு ஒரு பெண் வேண்டும், ஏறக்குறைய அதே உயரத்தில். கப்பலின் அடிவயிற்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கிறவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். வருஷக்கணக்காக அந்த ஒருத்தி நம் சிவப்பக்காதான். கை எந்நேரமும் சிவந்தே இருப்பதால் வந்த பெயர்.

பாட்டிலில் குழாய்த் தண்ணீர். கையில் சின்னக் கோடாலி. ஒரு வெட்டு. சுற்றி நிற்கிற ஆண்கள் "முதலாளியம்மா வாழ்க!" என்று கத்துவார்கள். சிவப்பக்காவும் ராணி மாதிரி கையை ஆட்டுவாள். பிறகு துடைப்பத்தை எடுத்து, தான் உடைத்த கண்ணாடியைத் தானே கூட்டி அள்ளுவாள்.

மகள் அதை நேற்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். கப்பல் கட்டுவதையே படித்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் உழைக்கிற யார்டுக்கே எஞ்சினியராக வந்து சேர்ந்தவள். யார்டில் எல்லாருக்கும் அவள் "டிகிரி". கிண்டலாக ஆரம்பித்த பெயர். இப்போது அதில் கிண்டல் எவ்வளவு, பிரியம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

"பாரும்மா," மேனேஜர் குரலைத் தணித்தார். "பெயின்ட் ஆளுங்க சங்கு ஊதறதுக்குள்ள பின்னாடி ஷெட்டுக்குப் போயிடணும். எப்பவும் அப்படித்தான். பாதுகாப்பு."

"பாதுகாப்புக் கோட்ட வரைஞ்சதே நான்தான் சார். போட்டோக்காரங்களுக்கு இடம் விட்டிருக்கேன். பேண்டு வாத்தியத்துக்கு விட்டிருக்கேன். கிரேன் காலுக்குப் பின்னாடி, கோட்டுக்கு வெளிய, ஒரு கேங்கே தாராளமா நிக்கலாம்."

"நீ மேடையைக் கேட்டே."

"மேடை வேணாம். வெளிய நிக்கட்டும். பாக்கட்டும். அவங்க பெயின்ட் அடிச்ச ஒரு கப்பல் போறதக்கூட அவங்க பாத்ததில்ல சார்."

"பெயின்ட் துணியோட நிப்பாங்கம்மா. படத்துல விழுவாங்க."

விஷயம் அதுதான். சொன்ன பிறகு அவருக்கே கூசியிருக்க வேண்டும். சோடா பாட்டிலை எடுத்து அதன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உனக்கு மேடையில இடம் போட்டிருக்கேன். நம்ம யார்டோட முதல் பொண்ணு எஞ்சினியர். பூங்கொத்து நீதான் குடுக்கறே. அம்மாவுக்கு வீடியோ எடுத்துக் காட்டு. சாயந்திரம் வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் தாயே, கொஞ்சம் வாயக் கட்டு."

கப்பலுக்கு அடியில் போகக் குனிந்துதான் போக வேண்டும். குனிந்து உள்ளே போனால் வானம் கிடையாது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே இரும்பு, தலைக்கு மேல், சிவப்பாக. கிரீஸ் வாடையும் பெயின்ட் வாடையும் கலந்து தொண்டையைப் பிடிக்கும். கப்பலைத் தாங்கி நின்ற கட்டைகளை ஆட்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார்கள்.

கட்டை இருந்த இடத்தில் இரும்பு பெயின்ட் படாமல் வழுக்கையாக இருக்கும். கப்பல் போவதற்குள் அந்த வழுக்கைகளுக்குச் சிவப்பு அடித்தாக வேண்டும். அது பெண்கள் வேலை. கப்பலைக் கடைசியாகத் தொடுகிற கை அவர்களுடையதுதான்.

அம்மா ஒரு பலகையில் மல்லாந்து கிடந்து, முகத்துக்கு நேர் மேலே ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தாள். வந்தவளின் பூட்ஸைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கேட்டுட்டியா?"

"யாரு சொன்னா?"

"சோடா கொண்டுபோன ஆளு. கேக்காதேன்னு சொன்னேனா இல்லையாடி?"

"சொன்னே."

"அப்புறம்?"

"அப்புறம் கேட்டேன்."

பக்கத்துப் பலகையில் படுத்திருந்த நெட்டை குலுங்கிச் சிரித்தாள். கேங்கிலேயே உயரமானவள், வாயும் அவளுக்கு அதே அளவு. "பொறந்தப்பவே இவ வாயில ஒரு கோட்டிங் அடிச்சிருக்கணும்க்கா. விட்டுட்டே."

அம்மா சிரிக்கவில்லை. "இங்க நீ எஞ்சினியர். எனக்காகன்னு ஒரு வார்த்த கேட்டியோ, அந்த நிமிஷமே பெயின்ட்காரி பொண்ணாயிடுவே. அதுக்குத்தான் வேணாம்னேன்."

"நான் பெயின்ட்காரி பொண்ணுதானே?"

ரோலர் நின்றது.

"வீட்டுல," என்றாள் அம்மா. மறுபடி ஓட்ட ஆரம்பித்தாள்.

மகள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புதுச் சட்டை. மேடைக்காகப் போட்டது. அம்மா பதறி ஒரு சாக்கை நகர்த்திக் கொடுத்தாள்.

"ஷெட்ல என்னம்மா பண்ணுவீங்க?"

"உக்காந்திருப்போம். செவுத்துல கையை வெச்சுப்போம். முதல்ல எங்கயோ மரம் முறியற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தரை நடுங்கும். அடுக்கி வெச்ச காலி டின்னெல்லாம் கடகடன்னு ஆடும். அது நின்னுதுன்னா கப்பல் போயிடுச்சுன்னு அர்த்தம். வெளிய கை தட்டுவாங்க, நாங்களும் தட்டுவோம்."

"டின் ஆடறதுதான் உனக்குக் கப்பலா?"

"ஏன், நல்லா ஆடும்டி."

கோபத்தை அடக்கிக்கொண்டு மகள் பேச்சை மாற்றினாள். "அப்பாதான் கிரேன்ல உக்காந்து பாத்துட்டு வந்து ஒவ்வொரு தடவையும் கதை கதையாச் சொல்வாரே."

இப்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோலரிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது.

"உங்கப்பா எங்கடி பாத்தாரு? கண்ணை இறுக்கி மூடிக்குவாரு. அவ்ளோ பெரிசு நகர்றதப் பாத்தா அவருக்குப் பயம். ஒரு கப்பல் அன்னம் மாதிரி போச்சும்பாரு. அடுத்தது யானை குளிக்க எறங்கினாப்லம்பாரு. அதுக்கடுத்தது மறுபடி அன்னம். நானும் உம் கொட்டிக்கிட்டிருப்பேன்."

"தெரிஞ்சுமா?"

"பாவம், எவ்ளோ ஆசையாச் சொல்றாரு."

ஆக, ஒரே வீடு. ஒருத்தி கப்பலின் அடிவயிற்றைத் தடவித் தடவிச் சிவப்பாக்கினவள். ஒருத்தர் அதன் ஒவ்வொரு துண்டையும் தூக்கி வைத்தவர். இரண்டு பேரில் ஒருவர்கூட ஒரு கப்பல் போனதைக் கண்ணால் பார்த்ததில்லை.

"நீ பாத்துட்டு வா," என்றாள் அம்மா. "கண்ணத் தொறந்து பாரு. இருக்கறத இருக்கற மாதிரியே வந்து சொல்லு. அது போதும் எனக்கு." சொல்லிவிட்டு மணிக்கட்டின் பின்பக்கத்தால் மகளின் கன்னத்தைத் தொட்டாள். அவள் கையில் சிவப்புப் படாத இடம் அது ஒன்றுதான்.

கிரேன் காலடியில் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க மேலேயே இருப்பவர் என்பதால் யார்டில் அவருக்கு "மேலோகம்" என்று பெயர்.

"வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

"இல்லப்பா."

டீ அவருக்குப் புரையேறியது. "போச்சு! அந்த மனுஷன் என்ன சொன்னாரு? ஆர்டர்?"

"சாயந்திரம்."

"சரி. சாயந்திரம் வரைக்கும் உன் நாக்கை என்கிட்ட குடு, நான் மேல பத்திரமா வெச்சிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "அப்பா, கப்பல் போறப்ப பாக்க எப்படி இருக்கும்?"

அப்பா டீ கிளாஸுக்குள் பார்த்தார். பாலாடையை விரலால் ஒதுக்கினார்.

"அது வந்து... அன்னம் மாதிரி."

"ஓ."

"இன்னிக்கு உங்கம்மாகிட்ட நல்லாச் சொல்லணும். இதுவரைக்கும் கட்டினதுலயே பெரிய கப்பல் இல்ல?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு எதைச் சொல்வது என்று இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டவர் போல ஏணியில் மெல்ல ஏறினார்.

முதல் சங்கு ஊதியது.

மேடையிலிருந்து எல்லாம் தெரிந்தது. பேண்டுக்காரர்கள் தெரிந்தார்கள். துணி போர்த்திய நாற்காலிகள் தெரிந்தன. தூரத்தில் பெயின்ட் கேங் வரிசையாக ஷெட்டுக்குள் போவதும் தெரிந்தது. கடைசியாகப் போனவள் அம்மா. வாசலில் நின்று ஒரு தடவை கப்பலைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டோர்காரர் கதவைச் சாத்தி, வெளியே கொக்கியை மாட்டினார். பூட்டவில்லை, கொக்கிதான். நாய் உள்ளே வராமலிருக்கப் போடுவோமே, அந்த மாதிரிக் கொக்கி.

பெரிய வீட்டு அம்மாள் வந்தார். சிரித்த முகம். பூங்கொத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு, கொஞ்சம் நீயே வெச்சிரும்மா," என்று திருப்பிக் கொடுத்தார். கோடாலியைக் கையில் எடுத்தவர் குழம்பினார்.

"இத எப்படிப் பிடிக்கணும்?"

மேனேஜர் டிகிரியைப் பார்த்தார். டிகிரி சொன்னாள்: "நுனியில பிடிக்காதீங்க மேடம், நடுவுல. ஓங்க வேணாம். கயித்து மேல விழ விட்டாப் போதும்."

"நிறையத் தடவ செஞ்சிருக்கே போல?"

"நான் இல்ல மேடம், எங்கம்மா. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒத்திகையில அவங்கதான் நீங்க."

"அப்படியா! எங்க அவங்க?"

மேனேஜர் இருமினார்.

"அதோ, அந்த ஷெட்ல."

அம்மாள் ஷெட்டைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு, வெயில்ல நிக்க வேணாம்," என்றார் கனிவாக. அதற்குள் போட்டோக்காரர் கூப்பிட்டார், திரும்பிவிட்டார். கெட்டவர் இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க நேரமில்லாதவர். அவ்வளவுதான்.

யாரோ மைக்கில் பேசத் தொடங்கினார்கள். டிகிரி பூங்கொத்தை மேனேஜரின் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்தாள்.

"பிடிங்க சார்."

"எங்க போறே? ஏம்மா... டிகிரி!"

படிகளில் இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைத்தபோது, சாயந்திரம் என்ன கேட்பார்கள், தான் என்ன சொல்வாள் என்பது இரண்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சரியம், மனசு லேசாக இருந்தது.

கொக்கியை எடுத்தாள். உள்ளே அரையிருட்டில் பெண்கள் சுவரில் உள்ளங்கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். காலி டின்கள் கூரை வரை அடுக்கியிருந்தன.

"வெளிய வாங்க."

ஒருத்தியும் அசையவில்லை.

"போடி," அம்மாவின் குரல் கிசுகிசுத்தது. "மேடைக்குப் போடி. உன் கால்ல விழறேன், போ."

டிகிரி நிமிர்ந்து நின்றாள். "கோட்டை வரைஞ்சது நான். எங்க நிக்கலாம், எங்க நிக்கக் கூடாதுன்னு சொல்றது என் வேலை. எஞ்சினியராச் சொல்றேன். பெயின்ட் கேங் எல்லாரும் கிரேன் காலுக்குப் பின்னாடி வந்து நில்லுங்க."

"எஞ்சினியர் சொன்னாக் கேட்டாகணுமேக்கா," என்று நெட்டை எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

அம்மா கடைசியாகத்தான் எழுந்தாள். மகள் நீட்டிய கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். மகள் விடவில்லை, பிடித்துக்கொண்டாள். சிவப்பு ஒட்டிக்கொண்டது.

கிரேன் காலுக்குப் பின்னால் போய் நிற்கவும் இரண்டாவது சங்கு ஊதவும் சரியாக இருந்தது. அம்மா அண்ணாந்து பார்த்தாள். உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், ஒரு மனிதர் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க!" அம்மா கத்தினாள். வாழ்நாளில் யார்டுக்குள் அவள் போட்ட முதல் கத்தல். "ஏங்க! கண்ணத் தொறங்க! நான் இங்க இருக்கேன்!"

கூண்டுக்குள் கைகள் மெல்ல இறங்கின. கண்ணாடியில் ஒரு மூக்கு வந்து ஒட்டியது.

மேடையில் கோடாலி விழுந்தது. பாட்டில் உடைந்தது. எங்கோ அடியில் மரம் முறிகிற சத்தம்.

முதலில் ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய இரும்பு, இத்தனை நாளும் கட்டடம் போல நின்றது, நின்றுகொண்டேயிருந்தது. பிறகு நகர்ந்ததா இல்லையா என்று கண்ணுக்கே சந்தேகம். பிறகு சந்தேகமில்லை. கிரீஸ் புகைந்தது. வேகத்தைக் குறைக்கப் பின்னால் கட்டியிருந்த சங்கிலிக் குவியல்கள் துருப்பொடியைக் கிளப்பிக்கொண்டு அலறின. தரை நடுங்கியது. ஆள் இல்லாத ஷெட்டில் டின்கள் கடகடவென்று ஆடுவது கேட்டது, யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கப்பலின் பின்பக்கம் தண்ணீரைப் பிளந்து உட்கார்ந்தது, முன்பக்கம் ஒரு தடவை தலை தாழ்த்தி எழுந்தது. அலை வந்து கரையில் அறைந்து எல்லார் காலையும் நனைத்தது.

மிதந்தது.

கேங் முழுக்கக் கூவியது. அம்மா மட்டும் வாய் திறந்தபடி நின்றாள். மகள் பயந்து அவள் தோளைத் தொட்டாள்.

"என்னம்மா?"

"இவ்ளோதானாடி?"

"என்னது?"

"என் தலைக்கு மேல வானம் மாதிரி இருந்துச்சுடி. எத்தன நாளு கைய நீட்டி நீட்டி அடிச்சேன், முடியவே முடியாதுன்னு நெனச்சேன். இப்ப பாரு..." சிரித்தாள், சிரிக்கும்போதே கண் வழிந்தது. "சின்னதா இருக்குடி. பாக்கு டப்பா மாதிரி. தண்ணி எவ்ளோ பெரிசு!"

துடைக்கக் கையைத் தூக்கினாள், கை சிவப்பு. மகள் தன் புதுச் சட்டைக் கையை நீட்டினாள். அம்மா அதில் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

சாயந்திரம் மேனேஜர் அறையில் சோடா பாட்டில்கள் காலியாக நின்றன. மேசைமேல் ஆர்டர். அதன்மேல் பேனா.

"படத்துல விழுந்துட்டாங்க," என்றார். சத்தம் போடவில்லை, களைத்திருந்தார். "எல்லாப் படத்துலயும். அந்தம்மா, பாட்டில், பின்னாடி சிவப்பா ஒரு கூட்டம். யார் அவங்கன்னு மேல இருந்து போன். நான் என்ன சொல்றது?"

"பெயின்ட் அடிச்சவங்கன்னு சொல்லலாமே சார்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "எனக்கும் உன் வயசுல பொண்ணு இருக்கா. இந்த ஆர்டருக்கு உங்கப்பா எத்தன தடவ இந்த வாசல்ல வந்து நின்னுட்டுப் போனாருன்னு உனக்குத் தெரியாது. ஒரே ஒரு வார்த்த சொல்லு. தெரியாம நடந்துடுச்சு, இனிமே நடக்காதுன்னு. இப்பவே போட்டுடறேன்."

அவருக்குப் போட ஆசை இருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. அதனாலேயே கோபமாகப் பேச வரவில்லை.

"பூங்கொத்த உங்க கையில திணிச்சேன் பாருங்க, அதுக்கு மன்னிச்சுக்கோங்க சார். அது மரியாதை இல்ல. மத்தது தெரியாம நடக்கல. தெரிஞ்சுதான் தொறந்தேன். அடுத்த கப்பலுக்கும் நடக்கும். நான் இருந்தா நான் தொறப்பேன். இல்லேன்னா அவங்களே தொறந்துப்பாங்க. பலகைச் சந்துல விரல விட்டா உள்ள இருந்தே கொக்கி எட்டும்னு காமிச்சுட்டு வந்துட்டேன்."

ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். சட்டைக் கையில் சிவப்பு காய்ந்து மொறமொறவென்றிருந்தது.

"நில்லும்மா," என்றார். "நான் இன்னும் முடிக்கல."

"நான் முடிச்சுட்டேன் சார்."

கதவைத் தாண்டும்போது பின்னால் பேனாவின் மூடி 'டக்'கென்றது. கையெழுத்துப் போடக் கழற்றின சத்தமா, மாட்டின சத்தமா? நின்று கேட்டிருக்கலாம். நிற்கவில்லை.

கேட்டுக்கு வெளியே, அணைந்துகொண்டிருந்த வெளிச்சத்தில், அம்மா இரண்டு கைகளையும் அகல விரித்து அப்பாவுக்குக் கப்பல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும்தான் பார்த்தார், கண்ணாடியில் மூக்கு நசுங்க நசுங்க. ஆனாலும் உம் கொட்டிக்கொண்டிருந்தார்.